புளி சீசனும் 50 எம்.எம். லென்ஸும்

இரண்டு வருடம் கேமராவோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸோடு ஓட்டிவிட்டு, போன மாசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு 50 எம்.எம்., எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். தர்மபுரிப் பக்கம் அது புளி சீசன். எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் படம் பக்கத்து வீட்டு அத்தை. "என்னைப் போய் எதுக்குடா எடுக்கற, சேலையெல்லாம் புளி" என்றார். ஓட்டு வீட்டுத் திண்ணை, சாயங்கால வெளிச்சம். எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸின் துவாரம் பெரிதாகும்; கிட் லென்ஸ் முழு ஜூமில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. இதில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. அதனால் ஷட்டர் வேகத்தை ஏற்ற முடிந்தது. ஃபிளாஷ் இல்லாமலே, ஓங்கிய கை அசையாமல் பதிந்தது. நகக்கண்ணில் ஒட்டிய நார்கூடத் தெரிகிறது. அந்த ஒரு படத்துக்கே கொடுத்த காசு சரி.

ஆனால் சென்சார் சிறியதான ஏபிஎஸ்-சி கேமராவில் இது 75 எம்.எம். போலக் குறுகலாகத்தான் பார்க்கும். டீக்கடைக்குள் நின்றால் மாஸ்டர் முகம் மட்டுமே அடங்கும்; பாய்லரும் பெஞ்சும் வேண்டுமென்றால் ரோட்டுக்கு இறங்க வேண்டும். அங்கே பழைய கிட் லென்ஸேதான். அப்புறம், கிட்டப் போய் 1.8-இல் எடுத்தால் ஒரு கண் தெளிவு, இன்னொன்று மங்கல். நான் 2.8-இல் வைத்துக்கொள்கிறேன்.

அத்தைக்குப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.