தெருப் பூங்கா: புல்தரையா, குறுங்காடா, நிழல்மரமா?

மதுரை விளாங்குடிப் பக்கம் எங்கள் லே-அவுட்டில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய பத்து சென்ட் இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து முள்ளை வெட்டி வேலி போட்டதுமே மூன்று கட்சியாகிவிட்டோம்: புல்தரை, மியாவாக்கி குறுங்காடு (கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் சின்னக் காடு), நிழல்மரம். ஜெயித்தது நிழல்மரம். நான் முதலிலிருந்தே அந்தக் கட்சி; படிப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க அழகு புல்தரைதான். பிள்ளைகள் உருண்டு விளையாடலாம். அதில் சண்டையே இல்லை. தண்ணீர்க் கணக்குதான் இடிக்கிறது. மதுரைக் கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் சும்மாவே ஆவியாகிவிடும். சதுர மீட்டருக்கு 5 லிட்டர். பத்து சென்ட் என்பது சுமார் 400 சதுர மீட்டர். பாதி இடத்தில் புல் போட்டாலே தினம் 1,000 லிட்டர் வேண்டும். 20 மரக்கன்றுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை, கன்றுக்கு 20 லிட்டர் வீதம் ஊற்றினாலும் 400 லிட்டரோடு முடிந்தது.

அந்தத் தண்ணீரை ஊற்ற ஆள் வேண்டுமே! சம்பள ஆள் கிடையாது. வாட்ஸ்அப்பில் முறை போட்டு ஊற்றுகிறோம். சித்திரைத் திருவிழா என்றால் பாதித் தெரு ஆற்றில் நிற்கும். பள்ளி லீவு விட்டதும் மீதிப் பேர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வெயில் கொளுத்துவதும் அதே நாட்களில்தான். நாலு நாள் விட்டால் புல் பழுத்துவிடும். கன்றுக்குப் பாத்தி கட்டி, சருகும் தென்னை மட்டையும் மூடாக்காகப் போட்டுவிட்டால் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். மேல் சருகு அப்பளமாக நொறுங்கும். அதை விலக்கிக் கையை விட்டால் அடிமண் விரலில் ஒட்டும்.

குறுங்காட்டுக்கும் இரண்டு மூன்று வருஷம்தான் தண்ணீர், களையெடுப்பு எல்லாம். பிறகு தானே பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆனால் சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று வைத்தால் பத்து சென்ட்டில் பெரியவர்கள் எங்கே உட்காருவது? பாம்பு பயம் வேறு. நான் பார்த்ததோடு சரி, வளர்த்ததில்லை. அதற்கு மேல் என் பேச்சை நம்ப வேண்டாம்.

மரத்தில் புங்கன், வேம்பு, பூவரசு மூன்றும் போர் தண்ணீரின் உப்பைத் தாங்கும். பூவரசுக்குக் கன்றுகூட வேண்டாம், போத்து (கிளைத் துண்டு) வெட்டி ஊன்றினால் துளிர்த்துவிடும். (பீப்பி ஊத இலையும் ஆச்சு.) கடம்பவனத்து ஊரில் கடம்பு இல்லாமலா என்று ஒரு மாமா பிடிவாதம் பிடித்தார். அது ஈரம் கேட்கும் மரம். கைகழுவும் குழாய்த் தண்ணீர் பாயும் மூலையில் ஒன்றே ஒன்று வைத்தோம். எதுவானாலும் ஐப்பசி மழையோடு நட்டுவிடுங்கள், கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.

இடம் மாநகராட்சியுடையது என்பதால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது மூன்றுக்கும் பொது.

நிழல்மரத்தில் ஒரு குறை: நிழல் விழ நாலைந்து வருஷமாவது ஆகும். அதுவரை சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் பூங்கா.