சிக் வெப்பின் டிரம்ஸ்: ஒன்பது வருஷம் கேட்டபின்

1930களின் அமெரிக்க ஜாஸ் டிரம்மரும் குழுத் தலைவருமான சிக் வெப்பின் இசைத்தொகுப்பு, முதல் ஆறு மாதம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. 1937 மே 11 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த சவாய் நடன அரங்கில் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவும் சிக் வெப் குழுவும் போட்டி வாசிப்பில் மோதின, குட்மேனின் டிரம்மர் ஜீன் க்ரூபாவே தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று படித்துவிட்டு ஆசையாக வாங்கியது. போட்டுக் கேட்டால் டிரம்ஸ் எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது.

குறை வெப்பிடம் இல்லை. நான் வாங்கிய தொகுப்பில் இரைச்சலை ஒரேயடியாகத் துடைத்திருந்தார்கள். அதோடு சிம்பலின் ஒலியும் டிரம்மில் உரசும் கம்பி பிரஷ்ஷின் ஓசையும் போய்விட்டன. பிறகு இரைச்சலை அப்படியே விட்ட வேறொரு பதிப்பு கிடைத்தது. கரகரப்புக்குக் காது பழகப் பத்து நிமிஷம் ஆகும். பழகிவிட்டால் அதற்குள்ளிருந்து மனிதர் எழுந்து வருவார். வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து "சுத்தமான" பதிப்பைத் தேடாதீர்கள்.

தொடங்க ஒரே ஒரு பாட்டு சொல்லச் சொன்னால் 'ஹார்லெம் காங்கோ', 1937. கடைசிப் பகுதியில் குழு சட்டென்று ஒதுங்கி அவருக்கு இடம் விடுகிறது. ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் பொடிப்பொடியாக உருட்டிக்கொண்டே போய், நாம் எதிர்பார்க்காத இடத்தில் பேஸ் டிரம்மில் ஓர் அடி வைக்கிறார். அடுத்த நொடி பித்தளை வாத்தியங்கள் அத்தனையும் சரியாக அந்த அடியின் மேல் வந்து இறங்குகின்றன. எத்தனை முறை கேட்டிருப்பேனோ, அந்த இடம் வந்தால் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும்.

ஆனால் நாள்பட்டுக் கேட்பதற்குத் தனி ஆவர்த்தனங்களைவிடப் பின்னணி வாசிப்புதான் தீனி போடுகிறது. எட்கர் சாம்ப்சன் எழுதிய 'ஸ்டாம்பிங் அட் தி சவாய்' பாட்டைப் பலர் குட்மேன் இசைத்தட்டில்தான் கேட்டிருப்பார்கள். வெப் அதை 1934இலேயே பதிவு செய்துவிட்டார். ஹெட்போனில் அதைப் போட்டு, ட்ரம்பெட்டை விட்டுவிட்டுக் கீழே மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் சின்னதாக ஒரு தட்டு. ஆடுகிறவர்களுக்கு அடுத்த அடியை எங்கே வைப்பதென்று அதுவே சொல்லிவிடுகிறது.

1935இல் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்ட் குழுவுக்கு வந்தபின் பாட்டுகள் பெருகின. 1938இன் 'எ டிஸ்கெட், எ டாஸ்கெட்' பெரிய வெற்றி. எல்லாவின் குரல் எனக்கு உயிர். ஆனாலும் டிரம்ஸுக்காக வாங்குகிறவர், பாதிக்கு மேல் குரல் பாட்டுகள் உள்ள தொகுப்பைத் தவிர்ப்பது நல்லது. அதே 1938 மே மாதம் பதிவான 'லைஸா' இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 'லிட்டில் சிக்ஸ்' என்ற பெயரில் சிறு குழுவாக வாசித்தவையும் உண்டு. வேமன் கார்வரின் புல்லாங்குழல் அழகு, வெப் அடக்கி வாசிக்கிறார். மழை நாளுக்கு.

சிறு வயதிலேயே முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கூன் விழுந்து, மிகக் குள்ளமாகவே இருந்தவர் வெப். வலியோடுதான் வாசித்தார் என்பது தெரிந்தபின் 'லைஸா'வின் வேகம் எனக்கு வேறாகக் கேட்கிறது. 1939 ஜூன் 16 அன்று பால்டிமோரில் இறந்தார். அந்த பிப்ரவரியில் பதிவான 'அன்டிசைடட்' என் தொகுப்பில் கடைசிப் பாட்டு. அது முடிந்ததும் உடனே அடுத்த இசைத்தட்டை எடுக்க மனம் வராது.