ஒகேனக்கல் வெயிலும் ஆக்டிவ் டி-லைட்டிங்கும்: சில வருட அனுபவம்

நிக்கான் டி7500 கேமராவை வைத்துக்கொண்டு சில வருடங்களாக தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமே சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறேன். நிழலையும் வெளிச்சத்தையும் கேமராவிலேயே சமன் செய்வதா, கம்ப்யூட்டரில் வந்து பார்த்துக்கொள்வதா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வெளிச்சத்தைக் கேமராவில், நிழலைக் கம்ப்யூட்டரில் என்பதுதான்.

ஒகேனக்கலில் உச்சி வெயிலில் நின்று பாருங்கள். நுரை வெள்ளை வெளேரென்று, பாறை கருகருவென்று, நடுவில் பரிசல், ஓட்டுபவர் முகமோ தொப்பி நிழலில். காட்சி முழுவதையும் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங் பாறையைப் பார்த்து எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) ஏற்றிவிட்டால் நுரை வெளுத்துவிடும். அப்படி முழுசாக வெளுத்த இடத்தில் ரா ஃபைலிலும் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ஃபைல்) ஒன்றும் மிச்சமிருக்காது, லைட்ரூம் மென்பொருளில் ஹைலைட்டை (வெளிச்சமான பகுதியை) எவ்வளவு இறக்கினாலும் வெள்ளை சாம்பல் நிறமாகுமே தவிர தண்ணீரின் இழை வராது.

நிக்கான் கேமராவில் இருக்கும் ஆக்டிவ் டி-லைட்டிங் வசதி இதற்குத்தான்: எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுத்து, ஜேபெக் (கேமராவே முடித்துத் தரும் படம்) ஆக்கும்போது நிழலைத் தூக்கிவிடும். காதுகுத்துப் படங்களை அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு அதை நார்மல் அளவில் வைத்து ஜேபெக்காகக் கொடுத்துவிடுகிறேன், போதும். அதிகபட்ச அளவான எக்ஸ்ட்ரா ஹை வேண்டாம், நிழலில் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான பிசிறு) பொரிந்து தெரியும்.

ரா எடுத்தால் கதை வேறு. குறைந்த எக்ஸ்போஷர் ஃபைலிலேயே பதிந்துவிடும், நிழலைத் தூக்கும் வேலை வெறும் குறிப்பாகத்தான் கூட வரும். நிக்கானின் இலவச என்எக்ஸ் ஸ்டுடியோ அந்தக் குறிப்பைப் படிக்கும், டார்க்டேபிள் மாதிரி வேறு மென்பொருள் கண்டுகொள்ளாது, படம் இருட்டாகத் திறக்கும்.

அதனால் ராவுக்கு ஆக்டிவ் டி-லைட்டிங்கை ஆஃப் செய்துவிட்டு, வெளிச்சமான இடம் வெளுக்காமல் அளக்கும் ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங்கில், ஒளி வித்தியாசங்களை நுணுக்கமாகப் பதியும் 14 பிட்டில் எடுக்கிறேன். தண்ணீரில் சூரியன் பளிச்சென்று அடித்தால் இது பயந்துபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அப்போது எக்ஸ்போஷரை நாமே ஏற்றி இறக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-ல் எடுத்த நிழலை அப்புறம் இரண்டு ஸ்டாப் (நாலு மடங்கு வெளிச்சம்) தாராளமாகத் தூக்கலாம். 3200-ல் எடுத்ததை அப்படித் தூக்கினால் நாய்ஸ்தான் மிஞ்சும்.

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் இன்னொரு தொல்லை. நிழலைத் தூக்கத் தூக்க, இலையில் பட்டு வந்த பச்சை முகத்தில் ஏறும். கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்து (மாஸ்க் போட்டு) ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, பச்சைக்கு எதிரான மெஜந்தா பக்கம் தள்ள வேண்டும், இதைக் கேமராவால் செய்யவே முடியாது. ஆனால் தோப்பு நிழலை முழுக்க வெளுக்க வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அப்புறம் மரம் எதற்கு?

இந்த முறையில் ஒரே சங்கடம், எடுத்தவுடன் திரையை எட்டிப் பார்ப்பவர்கள் "என்னங்க, இருட்டா இருக்கு" என்பார்கள். கேமராவின் ரீடச் மெனுவில், எடுத்து முடித்த படத்தின் நிழலைத் தூக்கும் டி-லைட்டிங் போட்டு ஒரு நகல் எடுத்துக் காட்டிவிடுகிறேன்.