கொரிய வைத்தியத்துக்கு தங்கச்சிய கூட்டிட்டுப் போன கதை, 5க்கு 3 ஸ்டார்

எடத்தோட பேர் போடல, நல்லதும் சொல்லப் போறேன் திட்டவும் போறேன், அதனால கண்டி பக்கம்னு மட்டும் வச்சிக்கோங்க. ஹட்டன்ல இருந்து விடிய பஸ் ஏறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளைன்னு வளைஞ்சு வளைஞ்சு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிரும். 4 மாசம் விடாம போனோம்.

தங்கச்சிக்கு 17, ஏஎல் படிக்கிறா. பகல்ல ஒண்ணும் தின்ன மாட்டா, ராத்திரி எல்லாரும் படுத்த பொறகு சட்டில இருக்கறத வழிச்சுத் தின்னுட்டு பின்னாடி போய் வாந்தி எடுப்பா. அம்மா மொதல்ல கண்ணு பட்டிருச்சுன்னு மிளகா சுத்திப் போட்டாங்க, அப்புறம் கோயில்ல மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க, நான் ஒரு நாள் அவ கைய புடிச்சுப் பாத்தப்பதான் விரல் மூட்டு மேல தழும்பு தெரிஞ்சது, அது வாந்தி எடுக்கிறப்ப பல்லு பட்டு வர்றதாம். ஆஸ்பத்திரின்னாலே முடியாதுன்னு கதவச் சாத்திக்கிட்டா. கொரியன் டிராமா பைத்தியம் வேற, அந்தப் புள்ளைங்க மாதிரி ஒல்லியாகணும்னுதான் இந்தக் கூத்தே ஆரம்பிச்சது, கடைசில அந்த ஊரு வைத்தியம்னா மட்டும் வர்றேன்னா. சரி வான்னு கெளம்பிட்டோம்.

டொக்டர் ஒரு கொரியாக்காரம்மா. அங்க இதுக்குன்னே 6 வருசம் காலேஜ்ல படிச்சு லைசென்ஸ் எடுக்கணுமாம், நம்ம ஊர்ல வேர வச்சிக்கிட்டு ரோட்டோரம் உக்காந்திருக்கிற மாதிரி இல்ல. மொழிபெயர்க்க ஒரு அண்ணா இருந்தாரு, கொரியா பெக்டரில வேல செஞ்சிட்டு வந்தவரு, நம்ம தோட்டத்து ஆளு மாதிரியே பேசுனாரு. மொத நாள் நாடி பாத்து, நாக்கு பாத்து, வயித்த அமுக்கிப் பாத்து முக்கா மணித்தியாலம் பேசுனாங்க. எடை கேக்கவே இல்ல! தங்கச்சி எறங்கி வந்தது அந்த இடத்துலதான். ரொம்ப யோசிச்சா மண்ணீரலும் வயிறும் கெடும், அதான் பசி தாறுமாறாப் போகுதுன்னு அவங்க சாஸ்திரப்படி விளக்குனாங்க. அது எந்தளவு சரியோ எனக்குத் தெரியாது, ஆனா "உனக்கு திமிரு"ன்னு சொல்லாம "உனக்கு நோய்"னு ஒரு ஆள் சொன்னதே அவளுக்குப் பெரிய விசயம்.

அப்புறம் ஹ்வாபியோங்னு ஒண்ணு சொன்னாங்க, நெருப்பு நோய்னு அர்த்தம், கோவத்த வெளிய காட்டாம வருசக்கணக்கா முழுங்கி முழுங்கி நெஞ்சுல கட்டி மாதிரி அடைச்சிக்கிறது, கொரியால கல்யாணமான வயசான பொம்பளைங்களுக்கு நெறைய வருமாம். அண்ணா அத தமிழ்ல சொல்லி முடிக்கல, பக்கத்துல இருந்த அம்மா "அப்ப அந்த நோய் எனக்குத்தான்"னுட்டாங்க. தங்கச்சி சிரிச்சிட்டா. பல மாசத்துக்கு அப்புறம் நான் பாத்த சிரிப்பு.

முழங்காலுக்குக் கீழ ஜொக்சம்னின்னு ஒரு எடம், அங்கயும் கைலயும் ஊசி, வலி எறும்பு கடி அளவுதான். மாசிபத்திரி இனத்து இலைய உருட்டி வயித்துக்கு மேல பத்த வச்சு சூடு காட்டுறாங்க, நம்ம மலைக் குளிருக்கு அது சொர்க்கம், தூங்கியே போயிட்டா. இதெல்லாம் நோய தீத்துச்சான்னா தெரியல, பதட்டம் கொறஞ்சு ஒரு வா சோறு எறங்குச்சு, அவ்ளோதான் சொல்வேன்.

இப்ப திட்டு. கொரியால லீ ஜெமான்னு ஒருத்தர் 1894ல எழுதி வச்சபடி மனுசங்கள நாலு ஒடம்பு வகையா பிரிப்பாங்க, தங்கச்சி சோஉம் வகையாம், குளிர்ந்த வயிறு. உடனே ஒரு தாள் குடுத்தாங்க, இது ஒத்துக்கும் இது ஒத்துக்காதுன்னு. ஒத்துக்காத பக்கம் கோதும மா, பால், பன்றி இறைச்சி. ஐயோ, தேயிலத் தோட்டத்து லயத்துல வளந்த புள்ளைக்கு கோதும மா ரொட்டி இல்லாம என்ன சாப்பாடு? இந்த மாதிரி புள்ளைங்க கைல ஒரு தடை லிஸ்ட்ட குடுக்கிறது குடிகாரன் கைல போத்தல குடுக்கிற மாதிரி. அவ அத கொப்பில ஒட்டி வச்சு, கீழ தானா இன்னும் பத்து சாமான் சேத்துட்டா. ஒரு வாரத்துல ரொட்டியும் போச்சு பால் டீயும் போச்சு, கேட்டா "டொக்டர்தான் சொன்னாங்க".

அடுத்தது கசாயம். ஜின்செங், இஞ்சி, தோடம்பழத் தோல், அதிமதுரம் எல்லாம் சேத்து யுக்குன்ஜாத்தாங்னு குடுப்பாங்க, செமிக்கிறதுக்கு நல்லதாம். ஆனா அதிமதுரம் தொடர்ந்து குடிச்சா ஒடம்புல பொட்டாசியம் எறங்கும், அடிக்கடி வாந்தி எடுக்கிறவங்களுக்கு அது ஏற்கனவே எறங்கித்தான் இருக்கும், ரெண்டும் சேந்தா இதயத் துடிப்பே கொழம்பும். இங்க யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கல. ஒரு நாள் கால் இழுத்துப் புடிச்சு மயங்கி விழுந்தா, தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம், பொட்டாசியம் கொறஞ்சு போயிருந்திச்சு. கசாயத்தாலயா வாந்தியாலயான்னு பிரிச்சு சொல்ல முடியாதுன்னாங்க, ஆனா கசாயத்த அன்னைக்கே நிறுத்தச் சொன்னாங்க.

இதவிட எரிச்சல் கவுண்டர்ல. ஒல்லியாக கொரிய மூலிகைன்னு பெருசா போர்டு, இவ அதுக்கு நேரா உக்காந்து ஒரு மணித்தியாலம் காத்திருக்கணும். கொரியால மெலியறதுக்கு குடுக்கிற மருந்துல மாஹ்வாங் சேப்பாங்க, எபெட்ரான்னு சொல்றது, நெஞ்சு படபடக்கும் பசி செத்துரும், அமெரிக்கால 2004ல சத்து மருந்துல அத போடக்கூடாதுன்னு தடையே பண்ணிட்டாங்க. அந்தம்மா இவளுக்கு ஒரு நாளும் தரலதான். ஆனா போர்ட கழட்டுங்கன்னு நான் ரெண்டு தடவ சொல்லியும் கழட்டல.

இப்ப ஆஸ்பத்திரில மனநல கிளினிக், அங்கயே ரத்தமும் ஈசிஜியும் பாக்கிறாங்க, எடை பாக்கிறப்ப முதுக திருப்பி நிக்க வச்சு நம்பர அவளுக்குக் காட்ட மாட்டாங்க. நேரத்துக்கு மூணு வேள சாப்பாடு, அம்மா பக்கத்துல உக்காந்து. கொரியாக்காரம்மாகிட்ட மாசம் ஒரு தடவ ஊசிக்கும் சூட்டுக்கும் மட்டும் போறோம், கசாயமும் லிஸ்டும் வேணாம்னு சொல்லிட்டேன், கோவிச்சுக்கல, தாள அவங்களே வாங்கிக் கிழிச்சுப் போட்டாங்க. மூணாவது ஸ்டார் அதுக்குத்தான்.

போறவங்க மொதல்ல ரத்தம் எடுத்து ரிப்போர்ட்டோட போங்க. யார்கிட்ட பேசறதுன்னே தெரியலன்னா 1926க்கு கோல் எடுங்க, அரசாங்க மனநல லைன். சனிக்கிழமை போனா மொழிபெயர்க்கிற அண்ணா இருப்பாரு, மத்த நாள்ல சிங்களமும் இங்கிலீசும்தான். சாப்பாட கையோட கொண்டு போங்க, பக்கத்துல நல்ல கடை இல்ல, நாங்க ரொட்டியும் கட்ட சம்பலும் கட்டிட்டுப் போறோம், போன தடவ ஒண்ணரை ரொட்டி தின்னா.