ஓட்டை விழுந்த கிறீனுக்கும் முழுக்காசோ?

யாழ்ப்பாணத்தில இருந்து கோல்ஃப் விளையாடப் போறம் எண்டு சொன்னாலே சனம் ஒரு மாதிரித்தான் பாக்கும். போறதெண்டா திருகோணமலைச் சீனக்குடாவில விமானப்படையின்ர கோர்ஸ், அதுக்கே 200 கிலோமீட்டருக்கு மேல ஓடோணும், இல்லாட்டி நுவரெலியா, கொழும்பு. வான் டீசல், ஒருநாள் லீவு, ராத்திரி தங்கிற காசு எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா கிறீன் ஃபீ, அதான் கோர்ஸில விளையாடக் கட்டுற காசு, செலவில ஒரு துண்டுதான். அதால கோர்ஸ் பழுதாக் கிடந்தா கிறீன் ஃபீ மட்டுமில்லை, மிச்சக் காசும் சேந்துதான் தண்ணிக்குள்ள போகுது.

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவில இருந்து வந்த மச்சானையும் கூட்டிக்கொண்டு ஒரு இடத்துக்குப் போனனாங்கள், பேர் வேண்டாம். கவுண்டரில முழுக்காசையும் எடுத்தவை, ஸ்கோர்கார்டைத் தந்தவை, ஒரு சொல்லுச் சொல்லேல்லை. முதலாவது கிறீனில, அதான் குழி இருக்கிற கட்டைப் புல்லுத் தரையில, போய் நிண்டா நெருக்கமா ஓட்டை, ஒவ்வொண்டும் அரை அங்குலம் வரும், அதுக்கு மேல மணலைக் கொட்டி இழுத்துவிட்டுக் கிடக்கு. குழிக்கு நாலு அடித் தூரத்தில இருந்து பட், பந்தை உருட்டி விடுற அடி. மச்சான் வடிவாத்தான் அடிச்சவர், பந்து டக் டக் எண்டு துள்ளித் துள்ளிப் போய் குழிக்குக் கிட்ட இடப்பக்கம் திரும்பி நிண்டுட்டுது, எடுத்துப் பாத்தா சீனியில பிரட்டின மாதிரிப் பந்து முழுக்க மணல். எனக்கு அண்டைக்கு 43 பட்.

திரும்பி வரேக்க வவுனியா தாண்டும்வரைக்கும் வானுக்குள்ள இதுதான் சண்டை, இப்பிடியான நாளில எவ்வளவு எடுக்கிறது நியாயம் எண்டு.

எங்களோட வந்த அண்ணை ஒராள் முழுக்காசுக் கட்சி. அவர் சொல்லுறதிலயும் விசயம் இருக்கு. அந்த ஓட்டை பழுதில்லை, வைத்தியம். ஆக்கள் மிதிச்சு மிதிச்சு மண் இறுகினா வேருக்குக் காத்தும் போகாது, தண்ணியும் இறங்காது, அதுக்குத்தான் ரெண்டு மூண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணைப் பிடுங்கி எடுத்துப்போட்டு மணல் நிரப்புறது, அண்டைக்கு அவைக்கு மணலுக்கும் மிசினுக்கும் ஆளுக்கும் செலவு கூடத்தானே ஒழியக் குறையாது. அதோட விதிப் புத்தகமும் அவற்ர பக்கம்தான். 2019இல விதியை மாத்தேக்க கிறீனில கிடக்கிற ஸ்பைக் (சப்பாத்து ஆணி) அடையாளத்தைக்கூடச் சரிப்படுத்தலாம் எண்டு விட்டவை, ஆனா ஏரேசன் எண்டு காத்துப் போகக் குத்துற இந்த ஓட்டையைத் தொட ஏலாது, அது வழமையான பராமரிப்பு எண்டுதான் விதி 13.1சீ சொல்லுது.

ஆனா அந்த விதியைப் போட்ட ஆக்கள்தான் 2020இல வந்த உலக ஹண்டிகாப் முறையில (ஆளின்ர திறமைக்கேத்த மாதிரிச் சலுகை அடி குடுக்கிற கணக்கு) வேற மாதிரிப் பாக்கினம். அண்டைக்கு ஆக்கள் போட்ட ஸ்கோரையெல்லாம் பாத்து, வழமையை விடக் கஸ்டமா இருந்திருந்தா ஹண்டிகாப் கணக்கில 3 அடி வரைக்கும் கழிச்சு விடுவினம், லேசா இருந்திருந்தா 1 கூட்டுவினம். அப்ப ஸ்கோருக்குக் கழிவு குடுக்கிற ஆக்கள் காசுக்கு மட்டும் குடுக்கமாட்டினமோ எண்டு நான் கேக்க, அண்ணை யன்னலுக்கு வெளியில பாக்கத் தொடங்கிட்டார்.

மச்சான்ர கட்சி, முதலே அறிவிச்சுக் கழிக்கிறது. ரொறொன்ரோப் பக்கம் கனக்க கோர்ஸில ஏரேசன் நாளை வெப்சைட்டில முன்னமே போட்டுடுவினமாம், அந்தக் கிழமைக்கு விலையும் குறைவாம், போறவன் தெரிஞ்சுகொண்டு போறான். நானும் இந்தப் பக்கம்தான், ஆனா எல்லாப் பழுதுக்கும் ஒரே கழிவு எண்டா அதுவும் பிழை. பார் 72 கோர்ஸ், அதான் நல்ல ஆட்டக்காரன் 72 அடியில முடிக்கோணும் எண்டு வைச்ச கோர்ஸ் எண்டா, ஒரு கிறீனுக்கு 2 பட் எண்டு வைச்சுத்தான் அந்த 72ஐப் போட்டிருக்கினம், 18 கிறீனால பெருக்கினா 36. விளையாட்டில பாதி அந்தப் புல்லுக்கு மேலதான் நடக்குது. பங்கர் எண்டுற மணல் குழியில மணல் குறைஞ்சிருந்தா நான் ஒரு ரவுண்டில ரெண்டு மூண்டு தரம்தான் அதுக்குள்ள விழுவன் (சரி, ஐஞ்சு), அதுக்குக் காசு கேக்கிறது அநியாயம். ஃபெயார்வே, அதான் கிறீனுக்குப் போற புல்லு வழி, ஈரமெண்டா பந்தைத் தூக்கித் துடைச்சு வைக்கிற உள்ளூர் விதியைப் போட்டுவிடலாம், காசு குறைக்கத் தேவையில்லை. கிறீன் பழுதெண்டா மட்டும் குறைக்கத்தான் வேணும். பேச்சுக்கு 10,000 ரூபா ஃபீ எண்டு வைப்பம், புதுசாக் குத்தின கிறீனுக்கு 6,000க்கு மேல நான் குடுக்கன், ரெண்டு கிழமை போய் ஓட்டை மூடிக்கொண்டு வரேக்க 8,000 குடுப்பன்.

மூண்டாவது, ஹோல் கணக்கு. 18இல நாலு ஹோலுக்கு ஃபெயார்வேயில கொடியைக் குத்தி இதுதான் தற்காலிகக் கிறீன் எண்டு விட்டிருந்தா 18இல 4 பங்கைக் கழி. கேக்க நல்லாத்தான் இருக்கு, மூடின ஹோலுக்கும் மழையில பாதியில நிண்ட ரவுண்டுக்கும் இது சரி. ஏரேசனுக்குச் சரிவராது, அது பதினெட்டையும்தானே குத்துறது.

கடைசி, கிறெடிற். இண்டைக்கு முழுக்காசு குடு, அடுத்த முறை வரேக்க பாதி விலை. கிட்ட இருக்கிறவனுக்கு இதைவிட நல்லது இல்லை, கோர்ஸுக்கும் கையில இருக்கிற காசு போகாது, ஆளும் திரும்பி வருவான். கொழும்பில வீடு இருந்தா நானும் இதைத்தான் கேப்பன். யாழ்ப்பாணத்தில இருந்து போறவனுக்கு அந்தத் துண்டு எதுக்கு? பாதி விலைக்கு விளையாட இன்னொருக்கா வானுக்கு டீசல் அடிச்சுக்கொண்டு போறதோ?

ஒரு விசயத்தில மட்டும் வானுக்குள்ள எல்லாரும் ஒற்றுமை. பை தூக்கிற கெடிப் பெடியன்ர காசில கை வைக்கக் கூடாது. பழுதான கிறீனில அவனுக்குத்தான் வேலை கூட, பந்தைத் துடைக்கிறதும் லைன் பாக்கிறதும், எங்கட பேச்சைக் கேக்கிறதும்.

எனக்கு அண்டைக்குக் கோவம் வந்தது தொகையால இல்லை. திருநெல்வேலிச் சந்தையில மாம்பழம் விக்கிற ஆச்சி அடிபட்ட கறுத்தக்கொழும்பானைத் தானே பிறிம்பாக் குவிச்சு வைப்பா, இது பாதி விலை மோனை எண்டு கேக்க முதலே சொல்லுவா. நாங்களும் அதை வாங்கிக்கொண்டு சந்தோசமாத்தான் வாறம். முதல்நாள் போனில சொல்லியிருந்தா நாங்கள் நாளை மாத்தியிருப்பம், இல்லாட்டித் தெரிஞ்சுகொண்டே போய் ஓட்டைக்குள்ளால பட் அடிச்சுச் சிரிச்சுப்போட்டு வந்திருப்பம். இப்ப நான் புக் பண்ண முதல் வட்சப்பில கேக்கிறது ரெண்டே கேள்வி, கிறீன் கடைசியாக் குத்தினது எப்ப, தற்காலிகக் கிறீன் எத்தினை. மறுமொழி வராட்டி அந்த இடத்துக்குப் போறேல்லை.

அண்டைக்கு மச்சான் கவுண்டரில போய்க் கதைச்சவர்தான். நல்ல மரியாதையாக் கேட்டினம், பேந்து ஒரு கிறெடிற் துண்டைக் குடுத்தினம், 6 மாசம் செல்லும். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு பிளைற். துண்டு என்ர பையின்ர சைட் பொக்கற்றுக்குள்ள ரீ குச்சிகளோட கிடந்து மாசியில காலாவதியாப் போச்சு.