சட்டமா, வழிகாட்டுதலா? கடன் மென்பொருள் வாங்கியபோது நாங்கள் எடுத்த முடிவு

பேரணாம்பட்டில் எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு, கடன் மனுக்களைத் தரம் பார்க்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை வாங்கினோம். என்ன நிபந்தனை போடுவது என்று இரண்டு கூட்டம் பேசினோம். முன்மாதிரியாக நம் மத்திய அரசின் வழியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வழியும் இருந்தன.

நம்முடையது எளிது. 2025 நவம்பரில் வந்த செயற்கை நுண்ணறிவு வழிகாட்டுதல்கள், இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களே போதும் என்கின்றன. கட்டுப்பாட்டைவிடப் புதுமைக்கு முதலிடம். சின்ன நிறுவனங்களும் துணிந்து இறங்கலாம், அது நல்லதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. கடமைகள் படிப்படியாகத்தான் வருகின்றன. தனிமனிதரின் கடன் தகுதியை மதிப்பிடும் மென்பொருளை அது உயர் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. சந்தைக்கு வருமுன்பே சோதித்திருக்க வேண்டும், மனித மேற்பார்வைக்கும் வழி இருக்க வேண்டும்.

நான் ஐரோப்பியச் சட்டத்தின் பக்கம்தான். தீங்கு இல்லை என்று யார் நிரூபிப்பது என்பதுதான் காரணம். நம் பகுதிக்கு இது பழைய கேள்வி. தோல் ஆலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட பிறகுதான் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் அந்த வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு, தீங்கு உறுதியாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை நாட்டின் சட்டத்தில் அடக்கம் என்றது. நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மேல் வைத்தது. நாடே மேற்கோள் காட்டும் தீர்ப்பு. ஆனால் கெட்ட கிணறுகளுக்கு அது தாமதமாகத்தான் வந்தது.

விற்க வந்தவர்கள், "கோளாறு இருந்தால் சொல்லுங்கள், சரிசெய்கிறோம்" என்றார்கள். நாங்கள் கட்டி முடித்த பழைய கடன்களை முதலில் அந்த மென்பொருளில் ஓட்டிக் காட்டச் சொன்னோம். ஒரு தவணைகூடத் தவறாத பீடி சுற்றும் பெண்கள் பலர் கடைசி வரிசையில் வந்தார்கள். கூலி கையில் வருகிறது, வங்கிக் கணக்கில் தடயம் இல்லை. கோளாறை வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், கடன் மறுக்கப்பட்ட ஒவ்வொருத்தியும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் புகார் எழுதியிருக்க வேண்டும். யார் எழுதுவார்கள்?

சரி, எங்கள் அனுபவம் ஒரே கடன் சுற்றுதான். பெரிய வங்கிக்கு இப்படி உட்கார்ந்து பார்க்க முடியுமா என்பது வேறு கணக்கு. கூட்டக் குறிப்பு தட்டச்சு செய்யும் செயலிக்கு இவ்வளவு கெடுபிடியும் தேவையில்லை.

கடனுக்கு மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டோம்: மறுத்தால் காரணம் தமிழில் வர வேண்டும், இரண்டு உறுப்பினர்கள் மனுவைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பழைய கடன்களை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைச் செலவு விற்றவருடையது.