வண்ணாரப்பேட்டையா, பெரம்பூரா, திருவொற்றியூரா: வடசென்னையில் எங்கே குடியேறலாம்?

வடசென்னையில் வீடு தேடினால் தரகர் முதலில் வாடகையைத்தான் சொல்வார். சம்பாதிக்கிறவர் எந்தத் திசையில் வேலைக்குப் போகிறார், மழை பெய்தால் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அட்வான்ஸ் பேசுங்கள். மூன்று இடங்களையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

பழைய வண்ணாரப்பேட்டை வியாபாரிகளின் இடம். எம்.சி. ரோட்டில் வரிசையாகத் துணிக்கடைகள், தெற்கே தங்கசாலை, சவுகார்பேட்டை மொத்தக் கடைகள், கிழக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. கடை வைத்திருப்பவருக்கும் கடையில் வேலை பார்ப்பவருக்கும் இதைவிடத் தோதான ஊர் கிடையாது. மற்றவர்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பல சந்துகளில் ஒரே மாடிப்படிக்கு நாலைந்து போர்ஷன், வண்டி நிறுத்த இடமில்லை, தீபாவளி நெருங்கினால் தெருவுக்குள் ஆட்டோ வராது.

பெரம்பூரை வளர்த்தது ரயில்வே. கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், 1955-ல் வந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., ரயில்வே ஆஸ்பத்திரி என்று மாதச் சம்பளம் தவறாமல் வரும் குடும்பங்கள் இங்கே நிறைந்தன. வந்தே பாரத் ரயில் 2018-ல் முதலில் உருவானதும் ஐ.சி.எஃப்.பில்தான். இன்னொரு தூணாக இருந்தது துணி ஆலையான பின்னி மில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது, திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார். 1996-ல் மில் மூடப்பட்டது. அந்த மண்ணில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பியிருக்கின்றன. உரிமைக்காக முதலில் சங்கம் கட்டிய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வீடுகளின் விலையை நெருங்க முடியாமல் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆனாலும் புருஷன் ஆவடிப் பக்கம், பெண்டாட்டி பாரிமுனைப் பக்கம் என்று வேலை பார்க்கிற வீட்டுக்குப் பெரம்பூர்தான் சரி. சென்ட்ரல்–அரக்கோணம் பாதையில் மின்சார ரயில் இருக்கிறது. வெளியூர் ரயில்களும் பல நிற்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் மெட்ரோ வேலை முடிந்தால் தென்சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது கைக்கெட்டும். குறை, மழை. ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் நிரம்பினால் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் வெள்ளம் ஏறும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் போக்குவரத்தே குழம்பிவிடும். பெரம்பூரில் தெருவுக்குத் தெரு நிலைமை மாறுகிறது, ஆகவே மேட்டுத் தெருவாகப் பாருங்கள்.

திருவொற்றியூரின் பலம் மெட்ரோ. 2021 பிப்ரவரியில் பாதை விம்கோ நகர் வரை நீண்டது; 2022 மார்ச்சில் தேரடி நிலையமும் திறந்ததும், அங்கே ஏறினால் அதே ரயிலில் கிண்டிக்கும் விமான நிலையத்துக்கும் போகலாம் என்றாகிவிட்டது. முன்பு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் புழுங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றிய பழைய வீதிகளில் ஒரு நிதானம் இருக்கிறது. வயதான பெற்றோருடன் இருப்பவர்களுக்கு அது பிடிக்கும்.

நிர்வாகத்தில்தான் பெரிய வித்தியாசம். மற்ற இரண்டும் பழைய மாநகராட்சிக்குள்ளேயே இருந்தவை. திருவொற்றியூர் 2011 வரை தனி நகராட்சி. மாவட்டக் கணக்கில் 2018 வரை திருவள்ளூர். எனவே வீடு வாங்கும்போது பழைய பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி, குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் எனும் குடிநீர் வாரியம் என்பது மூன்று இடத்துக்கும் பொது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கியபோது 4,181 கோடி ரூபாய் என்றார்கள். இத்தனை காலம் புறக்கணிக்கப்பட்ட பகுதிக்கு வரவேண்டிய பணம்தான். அதைப் பூங்காவுக்கும் சமுதாயக் கூடத்துக்கும் முன்னால் கால்வாய்க்குச் செலவிட வேண்டும்.

காற்றின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறக்கிய காலத்தில் வண்ணாரப்பேட்டையை ஒட்டிய ராயபுரம் வீடுகளின் ஜன்னலில் கரி படியும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் அந்தச் சரக்கு திருவொற்றியூருக்கு வடக்கே இருக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்கு நிம்மதி, எண்ணூருக்கு இன்னொரு சுமை. மணலி சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகும் வலையும் பாழாயின; அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நடுராத்திரியில் வீட்டைவிட்டு ஓடினார்கள். கடற்கரையும் அரிக்கிறது, கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகள் போட்ட பிறகும் கரையோரத் தெருக்காரர்களின் பயம் போகவில்லை.

அதனால் வீட்டில் மூச்சிரைப்பு உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால் விம்கோ நகரைத் தாண்டி வடக்கே போகாதீர்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும். கடைக்காரர் வண்ணாரப்பேட்டையிலேயே இருக்கட்டும். கிண்டி, சைதாப்பேட்டைப் பக்கம் வேலை என்றால் தேரடி, காலடிப்பேட்டை சுற்றுவட்டாரம் நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வருகிற மற்றவர்களுக்குப் பெரம்பூரையே சொல்வேன். எங்கே போனாலும் முதல் மழைக்காலத்தை வாடகைக்கு இருந்து கடந்துவிட்டு, அப்புறம் பத்திரப்பதிவுக்குப் போங்கள்.